தனியாகவா, கூட்டமாகவா? ஒரு கிட்டார் சொல்லித்தந்த பாடம்

(காஞ்சிபுரம் மாவட்டக் குறுவள மையக் கூட்டம் ஒன்றில், மாகறலைச் சேர்ந்த அரசுப் பள்ளிப் பட்டதாரி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மதிய உணவுக்கு முன்னால் பேசுகிறவர் சுருக்கமாகப் பேச வேண்டும் என்பது எழுதப்படாத அரசாணை. அதை மீறாமல் முடிக்கப் பார்க்கிறேன்.

கலையும் கற்றலும் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் கணக்கு ஆசிரியர். எனக்கும் இசைக்கும் உள்ள உறவு, பி.எட். படித்த காலத்தில் விடுதி அறை நண்பரின் கிட்டாரில் மூன்று கார்ட்ஸ் கற்றுக்கொண்டதோடு சரி. நான்காவது கார்ட் வரவில்லை, விட்டுவிட்டேன். ஆகவே இன்று இசையைப் பற்றி நான் உங்களுக்குப் பாடம் எடுக்கப் போவதில்லை. ஒரு மாணவனின் குடும்பத்துக்கு நான் சொன்ன ஒரு தவறான ஆலோசனையைப் பற்றிச் சொல்லப் போகிறேன்.

எங்கள் ஊர் மாகறல். காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகும் வழியில், செய்யாற்றங்கரையில் இருக்கிறது. திருஞானசம்பந்தர் பாடிய தலம். சுற்றியுள்ள ஊர்களில் நெசவை நம்பி வாழும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. அப்படி ஒரு வீட்டுப் பையன் எட்டாம் வகுப்பில் என்னிடம் படித்தான். கலைத் திருவிழாப் போட்டிகளுக்கு நம் பிள்ளைகளை அழைத்துப் போகிறோம் அல்லவா? அங்கே வேறொரு பள்ளி மாணவன் கிட்டார் வாசித்ததை இவன் பார்த்திருக்கிறான். அன்றிலிருந்து கிட்டார் பைத்தியம். சென்னையில் வேலை பார்க்கும் அவன் மாமா, தன்னிடமிருந்த பழைய கிட்டார் ஒன்றைக் கொடுத்துவிட்டார்.

ஒருநாள் மாலை அவன் அம்மா பள்ளிக்கு வந்தார். வீட்டில் தார் சுற்றுகிறவர். அவர் கேட்டார்: "சார், நீங்க படிச்சவங்க. எங்களுக்கு இந்த கிட்டாரு பத்தி ஒண்ணும் தெரியாது. காஞ்சிபுரத்துல ரெண்டு எடத்துல விசாரிச்சோம். ஒரு எடத்துல பத்துப் பன்னெண்டு பசங்கள ஒண்ணா ஒக்கார வச்சு சொல்லித் தர்றாங்க, மாசம் எண்ணூறு. இன்னொருத்தரு தனியா சொல்லித் தர்றாரு, மாசம் நாலு கிளாஸ், ரெண்டாயிரம் கேக்கறாரு. எதுல சேக்கட்டும்?"

நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. "முடிஞ்சா தனியாவே சேருங்கம்மா. கூட்டத்துல போட்டா கும்பலோட கோவிந்தா போட்டுட்டு வந்துடுவான். தனியா இருந்தாத்தான் கவனிச்சு சொல்லித் தருவாங்க" என்றேன். நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் தினமும் நிற்கிற எனக்கு, ஒரே ஒரு பிள்ளைக்குப் பாடம் நடத்துவது சொர்க்கம் போலத் தோன்றியது. அந்த ஏக்கத்தைத்தான் ஆலோசனையாகச் சொன்னேன் என்பது பிறகுதான் எனக்கே புரிந்தது.

தனியாகவே சேர்த்தார்கள். சொல்லித்தந்தவர் நல்லவர், திறமையானவர். அவர்மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் நான்கு மாதத்தில் பையன் நின்றுவிட்டான். கிட்டார் ஆணியில் தொங்கியது. நான் வீட்டுக்குப் போனேன். என்னடா ஆச்சு என்று கேட்டேன். முதலில் பேசவே இல்லை. அப்புறம் மெதுவாகச் சொன்னான்: "பயமா இருக்கு சார். போனதும் போன வாரம் குடுத்தத வாசின்னு சொல்வாரு. நான் தப்பா வாசிச்சா அது மட்டும்தான் அந்த ரூம்ல கேக்கும்."

அது மட்டும்தான் அந்த அறையில் கேட்கும். இந்த வார்த்தை என்னைச் சுட்டது. நூற்றுக்குப் பத்து எடுத்த மாணவனை எழுப்பி நிறுத்தி, மற்றவர்களையெல்லாம் வெளியே அனுப்பிவிட்டு, வாரம் ஒரு மணிநேரம் அவனை மட்டும் கேள்வி கேட்டால் எப்படியிருக்கும்? அப்படித்தான் அவனுக்கு இருந்திருக்கிறது. வீட்டிலும் அவன் வாசிப்பதைக் கேட்க யாருமில்லை. ஊரில் கிட்டார் வைத்திருக்கும் இன்னொரு பையன் இல்லை. தனியாகப் பேருந்தில் போய், தனியாகக் கற்று, தனியாகத் திரும்பி, தனியாகப் பயிற்சி செய்து, தனியாகவே விட்டுவிட்டான்.

எட்டாயிரம் ரூபாய். ஒரு நெசவாளர் வீட்டில் அது என்ன பணம் என்பது இங்கே உள்ள பலருக்குத் தெரியும். அவன் அப்பா என்னைத் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. "அவனுக்குக் குடுத்து வைக்கல, விடுங்க சார்" என்றார். நாடி பார்க்காமல் மருந்து கொடுத்த வைத்தியன் போல நான் நின்றேன்.

அப்படியானால் கூட்டமாகச் சேர்த்திருந்தால் சரியாக இருந்திருக்குமா? அதற்கும் என் வீட்டிலேயே விடை இருந்தது. என் மகள் ஒரு குழு வகுப்பில் ஓராண்டு கிட்டார் கற்றாள். மகிழ்ச்சியாகப் போவாள், தோழிகளோடு சிரித்துக்கொண்டு திரும்புவாள். ஆண்டு விழாவில் பதினைந்து பேரோடு மேடையேறி வாசித்தாள். நாங்கள் கைதட்டினோம். சில நாள் கழித்து இடது மணிக்கட்டு வலிக்கிறது என்றாள். தெரிந்த ஒருவரிடம் காட்டியபோது, "மணிக்கட்டை இப்படி மடக்கியா ஒரு வருஷமா வாசிக்கிறாய்?" என்று கேட்டார். அதுமட்டுமல்ல, ஆறு கம்பிகளில் இரண்டு கம்பிகள் ஒலிக்கவே இல்லை. பதினைந்து கிட்டார்கள் சேர்ந்து ஒலிக்கும்போது ஒரு கிட்டாரில் இரண்டு கம்பிகள் ஊமையாக இருப்பது யாருக்குத் தெரியும்? அவளுக்கே தெரியவில்லை. பழகிய கையை மாற்ற அவளுக்கு மேலும் பல மாதங்கள் பிடித்தன.

ஆக, ஒரு பிள்ளை தன் தவறு மட்டுமே கேட்கிற அறையில் பயந்து நின்றுவிட்டது. இன்னொரு பிள்ளை தன் தவறு கேட்கவே கேட்காத அறையில் தவறாகவே வளர்ந்தது.

இந்தக் குழப்பத்தில் இருந்த எனக்குத் தெளிவு தந்தவர் அந்தப் பையனின் அப்பாதான். இன்னொரு நாள் அவர் வீட்டுக்குப் போனபோது தறியில் இருந்தார். கோர்வைச் சேலை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். உடலும் கரையும் சேரும் இடத்தில் இழையோடு இழையைக் கோத்துப் போட வேண்டும். அதற்குப் பக்கத்தில் இன்னொருவர் இருந்து கரையின் நாடாவைத் தள்ள வேண்டும். நான் பேச்சுவாக்கில், "இந்தத் தொழிலை நீங்கள் எப்படிக் கற்றுக்கொண்டீர்கள், தனியாகவா, பலரோடு சேர்ந்தா?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "தறியில ஒக்காந்தா எங்கப்பாவும் நானும்தான் சார். என் கை தப்பினா அவரு கண்ணுக்குத்தான் தெரியும். ஆனா பாவு நீட்டணும்னா? அது தெருவுல. விடிகாலைல நாலு வீட்டு ஆளுங்க வந்தாத்தான் ஆகும். ஒருத்தன் வேகத்துக்கு இன்னொருத்தன் நடக்கணும். ரெண்டும் தெரிஞ்சாத்தான் சார் நெசவாளி."

பிள்ளைகளைத் தறியில் உட்கார வைத்த அந்தக் காலம் திரும்பி வர வேண்டாம். அதனால் படிப்பை இழந்தவர்களில் அவரும் ஒருவர். ஆனால் அவர் சொன்ன விஷயத்தில் ஒரு கல்வியியல் நூலே இருக்கிறது. எதைப் பக்கத்தில் உட்கார்ந்து கற்க வேண்டும், எதைப் பலரோடு கற்க வேண்டும் என்று அந்தத் தொழில் பிரித்து வைத்திருக்கிறது. நான் அந்த அம்மாவிடம் அப்படிப் பிரித்துப் பார்க்கவில்லை.

கிட்டாரை அப்படிப் பிரித்துப் பார்ப்போம். முதல் சில மாதங்களில் ஒரு பிள்ளை கற்க வேண்டியவை என்ன? கிட்டாரை மடியில் வைக்கும் விதம். இடது கைக் கட்டைவிரல் கழுத்துக்குப் பின்னால் எங்கே இருக்க வேண்டும் என்பது. விரல் நுனியை ஃப்ரெட் கம்பிக்கு மிக அருகில் வைத்து அழுத்துவது. தள்ளி வைத்தால் கம்பி கரகரக்கும். ஒரு விரல் சாய்ந்து பக்கத்துக் கம்பியைத் தொட்டால் அந்தக் கம்பி ஊமையாகிவிடும். இவையெல்லாம் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பார்த்து, ஒவ்வொரு கம்பியாக மீட்டச் சொல்லிக் கேட்டால்தான் தெரியும். இது தறியடிப் பாடம்.

இன்னொரு பக்கம் இருக்கிறது. ஜி மேஜரிலிருந்து சி மேஜருக்கு விரல்களை மாற்றும்போது தொடக்கத்தில் எல்லோரும் தடுமாறுவார்கள். தனியாக வாசிக்கும் பிள்ளை அந்த இடத்தில் நிறுத்தி, விரலைச் சரிசெய்துகொண்டு, மறுபடி தொடங்கும். பல நாள் அப்படியே செய்தால் நின்று நின்று வாசிப்பதே பழக்கமாகிவிடும். நான்கு பேர் சேர்ந்து வாசிக்கும்போது நிற்க முடியாது. தாளம் யாருக்காகவும் காத்திருக்காது. ஒரு கார்ட் தவறினாலும் அடுத்ததில் வந்து சேர்ந்துகொள்ள வேண்டும். அடுத்தவர் வாசிப்பதைக் கேட்டுக்கொண்டே தான் வாசிக்க வேண்டும். விரல் நுனி எரிகிறது என்று அழ நினைக்கும்போது, பக்கத்தில் இருப்பவனுக்கும் எரிகிறது என்று தெரிவதே பெரிய ஆறுதல். இது தெருப்பாவுப் பாடம்.

இசை உலகத்தில் இந்த இரண்டும் சேர்ந்தே இருந்திருக்கின்றன. நம் கோயில்களில் நாகசுரம் கற்கும் சிறுவன் குருவிடம் தனியாகப் பாடம் கேட்பான். ஆனால் மேளக் குழுவில் முதலில் அவன் கையில் கிடைப்பது ஒத்து அல்லது தாளம். பெரியவர்கள் வாசிக்க வாசிக்க, சுருதியும் காலமும் அவனுக்குள் இறங்கும்.

நம் காஞ்சிபுரத்தில் 1919-இல் பிறந்தவர் டி.கே.பட்டம்மாள். அவர் முறையான குருகுலவாசம் செய்தவர் இல்லை. சிறு வயதில் தம்பிமார்களோடு கச்சேரிகளுக்குப் போவார். வீட்டுக்கு வந்ததும் எல்லோருமாகச் சேர்ந்து, கேட்ட கீர்த்தனைகளை நினைவுபடுத்தி எழுதி வைப்பார்கள். ஒருவருக்கு மறந்தது இன்னொருவருக்கு நினைவிருக்கும். அது ஒரு குழு வகுப்பு. பிற்காலத்தில் டி.எல்.வெங்கடராம ஐயர், பாபநாசம் சிவன் போன்றவர்களிடம் நேராகச் சென்று பாடல்களைப் பாடம் செய்துகொண்டார். அது தனி வகுப்பு.

கிட்டாருக்கே வருவோம். பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா, அண்ணன் பாவலர் வரதராசனின் இசைக்குழுவோடு ஊர் ஊராகப் போய் வாசித்தவர். கூட்டத்தோடு வாசிக்கும் பழக்கம் அங்கே வந்தது. சென்னைக்கு வந்த பிறகு தன்ராஜ் மாஸ்டரிடம் உட்கார்ந்து மேற்கத்திய இசையையும் இசைக் குறியீட்டையும் பாடமாகப் படித்தார். சலில் சௌத்ரியின் இசையில் கிட்டார் வாசித்தார். ஜி.கே.வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்தார். 1976-இல் 'அன்னக்கிளி' வருவதற்கு முன்னால் நடந்தவை இவை. குழுவில் வாசித்து வாசித்து, தனக்கு என்ன தெரியவில்லை என்பதை உணர்ந்த பிறகு ஓர் ஆசிரியரைத் தேடிப் போனவர் அவர். இந்த வரிசையைக் கவனியுங்கள்.

ஜப்பானில் ஷினிச்சி சுசுகி என்பவர் குழந்தைகளுக்கு வயலின் கற்பிக்க ஒரு முறையை உருவாக்கினார். இன்று கிட்டார் உட்படப் பல கருவிகளுக்கு உலகெங்கும் அந்த முறை இருக்கிறது. அதில் தனிப்பாடமும் உண்டு, குழுப்பாடமும் உண்டு. தனிப்பாடத்தில் தாயோ தந்தையோ கூடவே உட்கார்ந்து கவனிப்பார். வீட்டில் பயிற்சி செய்யும்போது பிள்ளை தனியாக இருக்காது. என் மாணவனுக்கு இல்லாமல் போனது இதுதான்.

சரி, இனிமேல் ஒரு பெற்றோர் நம்மிடம் இதே கேள்வியைக் கேட்டால் என்ன சொல்வது? நம் ஊர்ப் பெற்றோர் பலருக்கு இதையெல்லாம் கேட்க நம்மைவிட்டால் ஆளில்லை. அதனால் நான் கற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

முதலில் பிள்ளையைக் கேளுங்கள். உனக்கு எது வேண்டும், யாரோடு போக ஆசை என்று கேளுங்கள். நான் அதைக்கூடக் கேட்கவில்லை.

இரண்டாவது, புதிதாகத் தொடங்கும் பிள்ளைக்குச் சிறிய குழு நல்லது. சிறியது என்றால் நான்கு முதல் ஆறு பேர். பன்னிரண்டு பேர் இருக்கும் ஒருமணி நேர வகுப்பைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பிள்ளைக்கு ஐந்து நிமிடம். அதிலும் பன்னிரண்டு கிட்டார்களுக்குச் சுருதி சேர்க்கவே கால் மணிநேரம் போய்விடும். மீதியைப் பங்கிட்டால் நான்கு நிமிடம்கூடத் தேறாது.

மூன்றாவது, பணம் கட்டும் முன் ஒரு வகுப்பை நேரில் பாருங்கள். சொல்லித்தருபவர் ஒவ்வொரு பிள்ளையின் அருகிலும் போகிறாரா? ஒவ்வொருவரையும் ஒரு முறையாவது தனியாக மீட்டச் சொல்லிக் கேட்கிறாரா? எல்லோரும் ஏறக்குறைய ஒரே நிலையில் இருக்கிறார்களா? இந்த மூன்றுக்கும் ஆம் என்றால் தாராளமாகச் சேர்க்கலாம். மூன்று மாதக் கட்டணத்தை மொத்தமாகக் கேட்டால், முதல் மாதம் மட்டும் கட்டிப் பாருங்கள்.

நான்காவது, தனி வகுப்பு எப்போது தேவை? மணிக்கட்டோ தோளோ வலிக்கும்போது. எத்தனை முறை அழுத்தியும் கம்பி கரகரக்கும்போது. ஒரே இடத்தில் வாரக்கணக்கில் சிக்கி நிற்கும்போது. கிரேடு தேர்வு எழுதப் போகும்போது. குழுவைவிட மிக வேகமாகவோ மிக மெதுவாகவோ போகும்போது. இதற்கு வாராவாரம் போக வேண்டியதில்லை. மாதம் ஒருமுறை அரைமணி நேரம் போதும். குழுவை விட்டுவிட்டுப் போகவும் வேண்டாம்.

ஐந்தாவது, கருவியைக் கவனியுங்கள். சிறு பிள்ளைக்குப் பெரியவர்களின் கிட்டாரைக் கொடுத்தால் கை எட்டாது. முக்கால் அளவு கிட்டார் கிடைக்கிறது. எஃகுக் கம்பியைவிட நைலான் கம்பி பிஞ்சு விரலுக்கு இதமாக இருக்கும். வகுப்பு பிடிக்கவில்லை என்று பிள்ளை சொல்வதற்குப் பின்னால், சில நேரம் விரல் வலி மட்டுமே இருக்கும்.

காசு இல்லாத வீடுகளுக்கு வேறு வழியும் உண்டு. ஜவகர் சிறுவர் மன்றங்களில் குரலிசை, பரதநாட்டியம், ஓவியம் போன்றவற்றைப் பிள்ளைகள் கற்கலாம். மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் குரலிசை, நாகசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் ஆகியவற்றுக்கு மூன்றாண்டுப் படிப்பு இருக்கிறது. அந்த ஏழில் கிட்டார் இல்லை. ஆனால் ஒரு பிள்ளைக்கு இசைதான் வேண்டும், கிட்டார்தான் வேண்டும் என்றில்லை என்றால், இந்தக் கதவைக் காட்டுவது நம் கடமை.

இனி அந்தப் பையனுக்கு என்ன ஆயிற்று என்று சொல்கிறேன். தலைமையாசிரியரின் அனுமதியோடு சனிக்கிழமைகளில் ஒரு மணிநேரம் பள்ளியில் அவனை உட்கார வைத்தோம். அவனோடு நன்றாகப் பாடும் ஒரு மாணவி, வீட்டில் சிறிய கீபோர்டு வைத்திருக்கும் ஒருவன், பெஞ்சில் தாளம் போட்டு எல்லா ஆசிரியரிடமும் திட்டு வாங்கும் ஒருவன். மொத்தம் நான்கு பேர். கல்லூரியில் படிக்கும் எங்கள் முன்னாள் மாணவர் ஒருவர் கிட்டார் வாசிப்பார். அவர் வந்து உதவினார். முதல் நாள் இவன் கிட்டாரை உறையிலிருந்து எடுக்கவே இல்லை. மூன்றாவது வாரம் ஒரு பாட்டுக்கு இரண்டே இரண்டு கார்ட்ஸ் வாசித்தான். தவறும்போது பாடிய பெண் நிற்கவில்லை. தாளம் போட்டவனும் நிற்கவில்லை. இவன் ஓடிவந்து சேர்ந்துகொண்டான்.

இரண்டு மாதம் கழித்து அவனாகவே என்னிடம் வந்தான். "சார், எஃப் மட்டும் வரவே மாட்டேங்குது. ஆள்காட்டி விரலை முழுசாப் படுக்க வச்சு அழுத்தணுமாம். எனக்குச் சத்தமே வரல. பழைய மாஸ்டர்கிட்ட ஒரே ஒரு தடவை போய்க் கேட்டுட்டு வரட்டுமா?" என்றான்.

நண்பர்களே, அன்று எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி பத்தாம் வகுப்பில் நூறு விழுக்காடு தேர்ச்சி வந்தபோதுகூட ஏற்படவில்லை. பயந்து ஓடிவந்த அதே அறைக்கு, அதே ஆசிரியரிடம், கையில் ஒரு கேள்வியோடு போகத் துடிக்கிறான். நான்கு மாதம் தனியாகப் போனபோது அவனிடம் கேள்வி இல்லை. அவனிடம் இருந்தது பயம் மட்டும்தான். மற்றவர்களோடு சேர்ந்து வாசித்தபோதுதான் அந்தக் கேள்வி பிறந்தது. கேள்வி இருக்கும்போது அரைமணி நேரத் தனிப்பாடம் போதும். அந்த மாஸ்டரும் முகம் சுளிக்காமல் மாதம் ஒருமுறை பார்க்க ஒப்புக்கொண்டார். அவன் பெரிய கலைஞன் ஆவானா என்று எனக்குத் தெரியாது. ஆணியில் தொங்கிய கிட்டார் இறங்கிவிட்டது. எனக்கு அது போதும்.

இது கிட்டாரோடு முடிந்திருந்தால் உங்கள் நேரத்தை எடுத்திருக்க மாட்டேன். திங்கட்கிழமை வகுப்புக்குள் நுழையும்போது என் மகளின் ஊமைக் கம்பிகள் நினைவுக்கு வந்தன. என் வகுப்பில் முப்பத்தெட்டு பேர். "புரிஞ்சுதா?" என்று கேட்டால் "புரிஞ்சுது சார்" என்று ஒரே குரல் வரும். அந்தக் குரலில் எத்தனை கம்பிகள் ஊமை?

1984-இல் பெஞ்சமின் புளூம் என்ற கல்வியியலாளர், தனியாகக் கற்பிக்கப்பட்ட மாணவர்கள் வழக்கமான வகுப்பு மாணவர்களைவிட மிகவும் முன்னேறியதைக் காட்டி ஒரு கட்டுரை எழுதினார். பின்னால் வந்த ஆய்வுகள் அவ்வளவு பெரிய வேறுபாட்டைக் காட்டவில்லை. ஆனாலும் தனிக்கவனத்துக்குப் பலன் உண்டு என்பதை யாரும் மறுக்கவில்லை. புளூம் எழுப்பிய கேள்வி, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் ஆசிரியரை எந்த நாட்டாலும் வைக்க முடியாது, அதே பலனை வகுப்பறையில் எப்படிக் கொண்டுவருவது என்பதுதான்.

அந்தக் கேள்விக்கு நாமும் விடை தேடிக்கொண்டுதான் இருக்கிறோம். செயல்வழிக் கற்றலில் ஏணிப்படி அட்டைகளை வைத்து, ஆசிரியர் துணையோடு சிலர், நண்பர் துணையோடு சிலர், தாமாகவே சிலர் என்று உட்கார வைத்ததை இங்குள்ள மூத்த தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிக்கிறோம். வேலைப்பளு பற்றி நமக்கு ஆயிரம் குறைகள் இருக்கலாம். ஆனால் அதன் உள்ளே இருப்பது இதுதான்: கூட்டத்துக்குள் ஒரு பிள்ளையை எப்படிப் பார்ப்பது?

நான் செய்தது மிக எளிய ஒன்று. ஒரு பாடவேளையில் மற்றவர்கள் கணக்குப் போடும்போது, ஆறு பேர் பக்கத்தில் போய் ஆளுக்கு இரண்டு நிமிடம் உட்கார்ந்தேன். பன்னிரண்டு நிமிடம்தான். ஏழு பாடவேளைகளில் முப்பத்தெட்டுப் பேரையும் பார்த்துவிடலாம். எந்தப் பிள்ளையை என்று பார்த்தேன் என்பதற்குக் குறிப்பேட்டில் ஒரு புள்ளி. பக்கத்தில் உட்கார்ந்ததும் ஒரே ஒரு கணக்கைக் கொடுத்து, "எனக்குச் சொல்லிக்கிட்டே போடு" என்பேன். நான் பேச மாட்டேன்.

மூன்றாம் நாள் ஒரு மாணவி. முன்வரிசை. எப்போதும் எல்லோரோடும் சேர்ந்து உரக்கப் பதில் சொல்பவள். சமன்பாட்டில் ஓர் எண்ணை அந்தப் பக்கம் கொண்டுபோகும்போது குறியை மாற்றுகிறாளே தவிர, ஏன் மாற்றுகிறாள் என்று அவளுக்குத் தெரியவில்லை. சில இடங்களில் மாற்றக் கூடாத இடத்திலும் மாற்றினாள். எத்தனை மாதமாக அப்படி என்று கேட்டேன். "ஏழாவதுலேர்ந்தே சார்" என்றாள். என் முன்னால், முன்வரிசையில், கோவிந்தா போட்டுக்கொண்டே ஒரு வருடம் உட்கார்ந்திருக்கிறாள். நான் கும்பலைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அன்று அவளுக்கு இரண்டு நிமிடம் போதவில்லை, நான்கு நிமிடம் ஆயிற்று. பிறகு அவளை அவள் குழுவிடமே அனுப்பினேன். இப்போது புரிந்ததைப் பக்கத்துத் தோழிக்குச் சொல்லிக் கொடு என்றேன். அங்கேயும் அதே வரிசைதான்: கூட்டம், தனிமை, மறுபடி கூட்டம்.

நாம் தனிப்பயிற்சி எடுக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு சொல்கிறது. எடுக்கவும் வேண்டாம். ஆனால் வகுப்பறைக்குள்ளேயே, கட்டணம் இல்லாமல், ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு நிமிடத் தனிப்பாடம் எடுப்பதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. நம் பிள்ளைகளில் பலருக்கு வாழ்நாளில் கிடைக்கப்போகும் தனிப்பாடம் அது ஒன்றுதான்.

அந்த அம்மா மறுபடி வந்து "தனியாவா, கூட்டமாவா சார்?" என்று கேட்டால், இப்போது நான் இப்படிச் சொல்வேன்: "கூட்டத்துல ஆரம்பிங்கம்மா. ஆனா அந்தக் கூட்டத்துல உங்க பையனோட கையை யாராவது பாக்கறாங்களான்னு பாருங்க." இதே வார்த்தையை நாளை காலை வகுப்புக்குள் நுழையும்போது எனக்கும் சொல்லிக்கொள்வேன். நீங்களும் ஒரு வாரம் செய்து பாருங்கள். யார் யாருடைய கம்பிகள் ஊமையாக இருந்தன என்று அடுத்த குறுவள மையக் கூட்டத்தில் பேசுவோம்.

சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் முடித்துவிட்டேன் என்று நினைக்கிறேன்.